என்ஜின் நின்னுட்டா ஏன் திரும்பி வரக்கூடாது? டேக் ஆஃப் ஆன முதல் நிமிடத்தின் கணக்கு

2025 நவம்பர் 13. திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூருக்குப் பக்கத்தில், பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. சேலத்துப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் செஸ்னா அது. ரோட்டு நடுவே நின்ற அந்த விமானத்தின் வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். நடுவானில் கோளாறு, கீழே கிடைத்தது ஒரு நெடுஞ்சாலை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

மறுநாளே இன்னொன்று. தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி மட்டும் இருக்கையோடு வெளியே பாய்ந்து, பாராசூட்டில் இறங்கித் தப்பினார்.

அடுத்தடுத்த நாளில் இரண்டு விபத்து, ஓர் உயிர்கூடப் போகவில்லை. சந்தோஷம்தான். ஆனா, 'பயிற்சி விமானம்னா எப்படியும் தப்பிச்சுடலாம்போல' என்கிற தப்பான எண்ணத்தையும் அது நமக்குள் விட்டுப் போயிருக்கிறது. கீரனூரில் இறங்கிய விமானிக்குக் கையில் உயரம் இருந்தது. உயரம் இருந்தால் நேரம் இருக்கும். நேரம் இருந்தால் ரோட்டைத் தேடலாம். திருப்போரூர் விமானிக்கு வெளியே பாய்கிற இருக்கை இருந்தது. செஸ்னாவில் அந்த இருக்கை கிடையாது. அதோடு உயரத்தையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? டேக் ஆஃப் ஆன முதல் ஒரு நிமிடம்தான் மிச்சம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நம்ம கடலுக்கு அந்தப் பக்கம், திருகோணமலை சீனன்குடாவில் இலங்கை விமானப்படையின் பயிற்சித் தளம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 7-ம் தேதி காலை 11.25 மணிக்கு அங்கிருந்து ஒரு பிடி-6 பயிற்சி விமானம் மேலே ஏறியது. 11.27-க்கு அதே தளத்தின் எல்லைக்குள்ளேயே விழுந்தது. இடையில் இரண்டே நிமிடம். உள்ளே இருந்த இருவருமே உயிரிழந்தார்கள். ரன்வே எங்கேயோ தூரத்தில் இல்லை, பக்கத்திலேயேதான் இருந்தது.

இப்படி ஒரு செய்தி வந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ரன்வே பின்னாடிதானே இருக்கு, அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கலாமே?" அந்தக் குறிப்பிட்ட விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. ஆனா, பொதுவாக இந்தக் கேள்விக்கு விமானிகள் உலகத்தில் பல காலமாக ஒரு பெயரே இருக்கிறது: 'இம்பாசிபிள் டர்ன்'. நடக்காத திருப்பம்.

இதை எதுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கிறவங்க தெரிஞ்சுக்கணும்னு கேட்கலாம். 2024 ஜூனில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கருணாபுரம்னு சொன்னாலே வெளியூர்க்காரங்களுக்கு அது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. அதே கருணாபுரத்துல பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்தோட உட்கார்ந்திருக்கிற பையனோ, கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கத்துப் பொண்ணோ பைலட் ஆகணும்னு நினைச்சா, அதுல தப்பே இல்லை. பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும், 18 வயதும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும் இருந்தால், 200 மணி நேரம் பறந்து முடித்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது நம்ம டிஜிசிஏ. பல பத்து லட்சம் செலவாகும். நிலத்தை விற்றுத்தான் பலர் கட்டுகிறார்கள். அவ்வளவு பணம் கட்டிச் சேருகிறவங்க, முதல் நாளே உயிரைக் காப்பாற்றுகிற கணக்கைத் தெரிஞ்சுக்கணும் இல்லையா?

ஏறுகிற வேகம், இறங்குகிற வேகம்

செஸ்னா 152, 172. இந்தியாவில் பயிற்சி விமானம்னா பெரும்பாலும் கண்ணில் படுகிற பெயர்கள் இவை. ஒரே என்ஜின், முன்னால் ஒரு விசிறி, இரண்டு அல்லது நான்கு சீட். நல்ல நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி மேலே ஏறும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதுவும் குறையும். காற்று சூடானால் அடர்த்தி குறையும்; இறக்கைக்கும் விசிறிக்கும் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு வாங்கும். அதனால்தான் பயிற்சிப் பள்ளிகள் கோடையில் விடிகாலையிலேயே பறக்கப் பார்க்கின்றன.

என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி கீழே விழாது. இதை முதலில் மனசில் வாங்கிக்கணும். அது மிதந்து, சரிந்து இறங்கும். ஓர் அடி இறங்கினால் சுமார் ஒன்பது அடி முன்னால் போகும். 300 அடி உயரத்தில் என்ஜின் நின்றால், 2,700 அடி, அதாவது எண்ணூறு மீட்டர் சொச்சம் தூரம் கையில் இருக்கிறது. கருணாபுரத்துத் தெருவில் நின்று எண்ணூறு மீட்டரை யோசிச்சுப் பாருங்க. கள்ளக்குறிச்சி டவுனையே தாண்டியிருக்க மாட்டீங்க.

அப்படிச் சரியும்போது நிமிடத்துக்கு எவ்வளவு இறங்கும் தெரியுமா? அதுவும் சுமார் 700 அடிதான். கிட்டத்தட்ட ஏறின வேகத்திலேயே இறங்கும்.

இப்போ 'திருப்பிக்கொண்டு வா' என்கிற யோசனைக்கு வருவோம். பைக்கில் யூ-டர்ன் போடும்போது நீங்க போன அதே கோட்டில் திரும்பி வருவதில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிடுகிறீர்கள். விமானத்துக்கும் அதே கதைதான், அளவுதான் வேற. பயணிகளுக்குக் குலுங்காமல் மெதுவாகத் திருப்புவதற்கு ஒரு கணக்கு உண்டு: வினாடிக்கு 3 டிகிரி. அப்படித் திருப்பினால் முகம் எதிர்த்திசைக்கு வர முழுசாக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் 700 அடி போச்சு. போதாததற்கு, திரும்பி முடிக்கும்போது ரன்வே கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விலகி நிற்பீர்கள். ரன்வேக்கு வர இன்னும் திருப்பணும், அப்புறம் நேராக்க மறுபக்கம் திருப்பணும். மொத்தத்தில் 180 டிகிரி இல்லை, 240-க்கு மேலே போய்விடுகிறது. 300 அடியில் இருக்கிறவருக்கு 700 அடி செலவு. வங்கியில் 300 ரூபாய் வைத்துக்கொண்டு 700 ரூபாய்க்கு செக் கொடுக்கிற மாதிரி.

சரி, மெதுவாக வேண்டாம், இறக்கையை நல்லாச் சாய்த்துச் சட்டென்று திருப்பினால்? நேரம் மிச்சமாகும், வட்டமும் சின்னதாகும். உண்மைதான். பல பேர் உயிரை விடுகிற இடமும் இதுதான்.

இறக்கை கைவிடுகிற கணம்

விமானம் மிதக்க இறக்கை மேல் காற்று ஒழுங்காக ஓடணும். அதுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. அதுக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள். பைக் ஸ்டால் ஆகிற மாதிரி என்ஜின் அணைவது இல்லை இது. என்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால்கூட இறக்கை ஸ்டால் ஆகலாம். நியூஸ் சேனல்களில் இந்த ரெண்டையும் குழப்பாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

செஸ்னா 172-இன் இப்போதைய மாடலில் நேராகப் பறக்கும்போது அந்தக் குறைந்தபட்ச வேகம் மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர். இறக்கையை 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால், விமானத்தின் எடையே கூடின மாதிரி ஆகிவிடும். ரங்கராட்டினத்தில் உடம்பு சீட்டோடு அழுந்துமே, அதே மாதிரி. அப்போ அந்த எல்லை 106-க்கு ஏறிவிடும். 60 டிகிரி சாய்த்தால் 126. என்ஜின் நின்றபிறகு அந்த விமானம் சரிந்து இறங்கவேண்டிய சரியான வேகம் எவ்வளவு தெரியுமா? அதுவும் சுமார் 126-தான். அதாவது, பயத்தில் கூடுதலாகச் சாய்த்துத் திருப்புகிற அந்த வினாடியில், பறக்கிற வேகமும் விழுகிற வேகமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதுக்கு மேல மனித இயல்பு ஒன்று இருக்கிறது. டேக் ஆஃபில் மூக்கு மேலே பார்த்தபடி இருக்கும். என்ஜின் நின்றதும் வேகம் மளமளவென்று குறையும். அந்த நொடியே மூக்கைக் கீழே தள்ளினால்தான் வேகம் நிற்கும். ஆனா, தரை இவ்வளவு பக்கத்தில் தெரியும்போது எந்த மனசு மூக்கைத் தரையை நோக்கித் தள்ளச் சம்மதிக்கும்? கை தானாகப் பின்னால் இழுக்கும். மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் இன்னும் குறையும். கூடவே, சீக்கிரம் திரும்பட்டும் என்று காலால் ரட்டரையும் அழுத்தினால் ஒரு பக்க இறக்கை முதலில் கைவிட்டு, விமானம் சுழன்று தலைகுப்புற விழும். மூவாயிரம் அடியில் இதிலிருந்து மீளப் பயிற்சி இருக்கிறது. முந்நூறு அடியில் மீள்வதற்கு இடமே இல்லை.

அதனால்தான் உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றே: தாழ்வான உயரத்தில் என்ஜின் நின்றால் மூக்கை இறக்கு, நேராகப் போ, இடமோ வலமோ முப்பது டிகிரிக்குள் கிடைக்கிற நல்ல இடத்தில் இறங்கு. நெல் வயலோ, கரும்புத் தோட்டமோ, மரவள்ளிக் காடோ, எதுவாக இருந்தாலும் சரி. விமானம் உடையும். உடையட்டும். கட்டுப்பாட்டோடு குறைந்த வேகத்தில் வயலில் மோதுவதும், கட்டுப்பாடு இழந்து மேலிருந்து விழுவதும் ஒன்று இல்லை. வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால் பங்காகிவிடும். பிசிக்ஸ் புத்தகத்தில் நீங்க படிச்ச அதே சூத்திரம்தான். இறங்கும் முன்பு எரிபொருளை மூடி, மின்சாரத்தை அணைத்து, கதவையும் லேசாகத் திறந்து வைக்கச் சொல்வார்கள். சட்டகம் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், அதுக்காக. நம்ம ஊர் வயல்களில் பெரிய எதிரி வரப்பு இல்லை, கரண்டு கம்பி.

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் உள்ள பிரச்சினைன்னு நினைச்சா, 2009 ஜனவரி 15-ஐப் பாருங்க. நியூயார்க்கில் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்றின் இரண்டு என்ஜின்களிலும் வாத்துக் கூட்டம் மோதி, கிட்டத்தட்ட 2,800 அடியில் சக்தி போனது. கேப்டன் சல்லன்பர்கர் திரும்பாமல் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். டாம் ஹாங்ஸ் நடித்த 'சல்லி' படம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிறகு சிமுலேட்டரில் சோதித்தார்கள். பறவை மோதிய கணமே திருப்பினால் சில முறை விமான நிலையத்துக்கு வந்து சேர முடிந்தது. 'என்ன நடந்தது' என்று புரிந்துகொள்ள மனிதருக்குத் தேவைப்படுகிற 35 வினாடியைச் சேர்த்துச் சோதித்தபோது வந்து சேர முடியவில்லை. அவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். நாற்பது மணி நேரம் பறந்த ஒரு மாணவருக்கு அதிர்ச்சியிலிருந்து மீள எத்தனை வினாடி ஆகும்?

பயணியாகப் போகிறவங்க ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பெரிய விமானங்களில் இரண்டு என்ஜின் உண்டு. ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்து மேலே ஏறும்படிதான் வடிவமைக்கிறார்கள். 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் நடந்ததுபோல, கிளம்பிய சில வினாடிகளில் இரண்டுக்குமே எரிபொருள் நின்றுபோவது மிக மிக அரிது.

தப்பிக்கிறது தரையில்

மாணவர்கள் விஷயத்தில் இன்னொரு முரண் இருக்கிறது. விமானிகளில் அடிக்கடி டேக் ஆஃப் செய்கிறவர்களே அவர்கள்தான். ரன்வேயைச் சுற்றி வந்து, தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிற 'டச் அண்ட் கோ' பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை கிளம்புவார்கள். அனுபவம் குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்தான நிமிடம் அதிகமாக வருகிறது. அதிலும் லைசென்ஸுக்குத் தேவையான மணி நேரத்தில் பாதி, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறப்பது. 2022 பிப்ரவரி 26-ல் தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் செஸ்னா 152 விழுந்து இறந்த தமிழ்நாட்டுப் பயிற்சி மாணவியும் தனியாகத்தான் பறந்துகொண்டிருந்தார்.

அப்போ என்னதான் வழி? முக்கால்வாசி வேலை விமானம் தரையில் இருக்கும்போதே நடக்கிறது. இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்பும், பெட்ரோல் நிரப்பிய பின்பும், அங்கிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கணும். ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இரவு மழைக்குப் பிறகு டேங்கில் சேர்ந்த தண்ணீர், ரன்வேயில் ஓடும்வரை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மூக்கு மேலே தூக்கியதும் என்ஜினுக்குப் போய்ச் சேரலாம். ஒரு நிமிட வேலை இது. அவசரத்தில் விட்டுவிடுகிற வேலையும் இதுதான்.

அப்புறம் ரன்வேக்குப் போகும் முன் நின்று என்ஜினை முறுக்கிப் பார்ப்பது. இந்த என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றொன்று ஓட்டும். ஒவ்வொன்றாக அணைத்து, இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கணும்.

கடைசியாக, வாய்விட்டுப் பேசவேண்டிய ஒன்று. அதை 'டேக் ஆஃப் பிரீஃபிங்' என்பார்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சத்தமாகச் சொல்லணும்: "தரையில் ஓடும்போது ஏதாவது சரியில்லைன்னா த்ராட்டிலை இழுத்து நிறுத்துவேன். ஏறினபிறகு, முன்னால் ரன்வே மிச்சம் இருந்தா அதிலேயே இறங்குவேன். மிச்சம் இல்லைன்னா மூக்கை இறக்கி, நேராகப் போய், அந்த இடது பக்க வயலில் இறங்குவேன். இந்த உயரத்துக்குக் கீழே திரும்ப மாட்டேன்." அந்த உயரம் எவ்வளவு என்பதை விமானத்தையும் காற்றையும் பார்த்து ஆசிரியரோடு முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்கள். இப்படிச் சொல்லி வைத்திருந்தால், நிஜத்தில் நடக்கும்போது முடிவெடுக்க வேண்டிய வேலை இல்லை. எடுத்த முடிவைச் செய்யவேண்டியதுதான். அதிர்ச்சி தின்கிற வினாடிகளில் இரண்டு மூன்றாவது மிச்சமாகும்.

எனவே, பயிற்சிப் பள்ளி தேடுகிறீர்கள் என்றால், பளபளக்கிற யூனிஃபார்ம் ரீல்ஸைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. ஏ++ தொடங்கி சி வரை. முதல் பட்டியலில் ஏ++-ம் ஏ+-ம் எந்தப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை, அதையும் தெரிஞ்சுக்கங்க. 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ரெட்பேர்ட் நிறுவனத்தின் விமானங்கள் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை விபத்துக்குள்ளானபோது, டிஜிசிஏ அந்த நிறுவனத்தின் பயிற்சியையே நிறுத்திவைத்தது. கட்டணம் கட்டிய மாணவர்கள் நடுவில் நின்றார்கள். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பான ஏஏஐபி தன் இறுதி அறிக்கைகளை இணையத்தில் போடுகிறது. சேரப்போகிற பள்ளியின் பெயர் அதில் இருக்கிறதா, இருந்தால் பராமரிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. பள்ளிக்கு நேரில் போனால், ஹேங்கரில் எத்தனை விமானம் பறக்கிற நிலையில் நிற்கிறது, என்ஜின் நின்ற மாதிரி பயிற்சியை எத்தனை முறை செய்ய வைப்பீர்கள் என்று கேளுங்க. அப்பா நிலத்தை விற்ற காசு, கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

பைலட் ஆகிற எண்ணமே இல்லாதவங்களுக்கும் ஒரு விஷயம். கீரனூரில் ரோட்டில் இறங்கின மாதிரி, நாளைக்கு உங்க ஊர் வயலிலும் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கலாம். அப்போ முதலில் 112-க்கு போன் பண்ணுங்க. பீடி, சிகரெட் கையில் இருக்கிற பெரியவரை முதல் வேலையாகத் தூர அனுப்புங்க; இறக்கைகளுக்குள்ளே இருப்பது நம்ம பைக் பெட்ரோலைப் போலவே பற்றிக்கொள்ளும். அறுந்து கிடக்கிற மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளை வெளியே எடுக்க உதவுங்க. விசிறி நின்றிருந்தாலும் அதைத் தொடாதீங்க. அது திடீரென்று ஒரு சுற்று சுற்றக்கூடும். ஆட்கள் வெளியே வந்துவிட்டால், உடைந்த துண்டு எதையும் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போகாதீங்க. எந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தது, டேங்கில் தண்ணீர் இருந்ததா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஆள் வருவார்கள். அதுவரை அது அப்படியே கிடக்கணும்.